தென்வானத்தில் குறைந்த நட்சத்திரங்கள்

நேற்று சாயங்காலம் உங்கள் வான ஆராய்ச்சி அறைப் பக்கம் வந்தபோது ஒருவர் மேஜையைத் தட்டிக் கூச்சல் போட்டது காதில் விழுந்தது. கணக்கில் பெரிய பாரம் ஒன்று குறைகிறதாம், கண்ணுக்குத் தெரியாத பொருள் அகப்பட்டுவிட்டதாம். சந்தோஷம். நானும் ஒரு காலத்தில் அப்படிக் குதித்தவள்தான். ஓய்வு பெற்ற கிழவி ஒருத்தி இருக்கிறாள், கூப்பிட்டு நாலு வார்த்தை பேசச் சொல்வோம் என்று கூப்பிட்டீர்கள். முதல் வார்த்தையை இப்போதே சொல்லிவிடுகிறேன். வானத்தில் ஏதோ குறைகிறது என்று தோன்றினால் உடனே வானத்தைப் பார்க்காதீர்கள், அறையைப் பாருங்கள். யார் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பாருங்கள்.

அறிவுரை மாதிரி இருக்கிறதா? எனக்கும் அறிவுரை கேட்டால் கொட்டாவிதான் வரும். அதனால் நடந்ததைச் சொல்கிறேன்.

அது ரப்பர் விலை படுத்துவிட்ட காலம். இந்த மலாக்காத் தோட்டங்களில் மரம் நின்றது, பால் மரம் சீவ ஆள் வேண்டாம் என்றார்கள். வேலை இல்லாதவர்களின் பெயரை எழுதிக் கப்பலேற்றி இந்தியாவுக்கு, அதாவது ஊருக்கு, அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஊர் என்றால் எது? பலருக்குப் பிள்ளை பிறந்தது இங்கே, பெற்றவர்களைப் புதைத்தது இங்கே. புலாவ் செபாங் பக்கத்தில் நான் பாடம் சொல்லிக் கொடுத்த தோட்டப் பள்ளிக்கூடத்தில் வாரத்துக்கு வாரம் பெஞ்சு காலியானது. கடைசியில் பள்ளிக்கூடத்தையே மூடிவிட்டு, உனக்கும் வேலை இல்லை என்றார்கள்.

அதே தோட்டத்துக் குன்றின் மேல் ஒரு வெள்ளைக்காரர் தொலைநோக்கி வைத்திருந்தார், பிறகு எனக்கு வேலை கொடுத்தவர் அவர்தான். தோட்டத்து ஜனங்கள் அவரை நட்சத்திரத் துரை என்பார்கள், நானும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன். கெட்ட மனிதர் இல்லை. சம்பளத்தைத் தேதி தவறாமல் கொடுப்பார், யார் மேலும் கை நீட்ட மாட்டார். எண்ணில் பொய் கலக்கக் கூடாது என்பதில் மட்டும் ஒரு வெறி. நல்ல மனிதர்களின் கோபம்தான் எனக்கு எப்போதும் பயம், ஏனென்றால் அவர்கள் தங்கள் கோபத்தை நியாயம் என்றே நம்பிவிடுவார்கள்.

அவர் தேடியது என்ன என்று உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் எங்கள் பாஷையில் ஒரு தடவை சொல்கிறேன். பால்வீதி ஒரு தோசை மாதிரி தட்டை. நாம் தோசைக்கு உள்ளே இருக்கிறோம். நட்சத்திரங்கள் தோசைக்கு மேலே எழும்பி, திரும்ப விழுந்து, கீழே இறங்கி, மறுபடி எழும்பிக்கொண்டே இருக்கின்றன. எவ்வளவு உயரம் போகின்றன என்று தெரிந்தால், அவற்றை இழுத்துப் பிடித்திருக்கும் பாரம் எவ்வளவு என்று சொல்லிவிடலாம். கண்ணில் படும் நட்சத்திரங்களின் கனம் அந்தப் பாரத்துக்குப் போதாவிட்டால், வெளிச்சம் இல்லாத வேறு ஏதோ அங்கே இருக்கிறது. இன்று அதற்குக் கரும்பொருள் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். நாங்கள் அதை வெறுமனே 'பாக்கி' என்போம்.

மலாக்காவுக்கு ஏன் வந்தார் என்றால், இங்கே நின்றால் தோசையின் மேல் பக்கத்து வானமும் கீழ்ப் பக்கத்து வானமும் கிட்டத்தட்ட ஒரே உயரத்துக்கு ஏறி வரும். ஒரே தொலைநோக்கியால் வடக்கையும் தெற்கையும் படம் பிடித்து, எந்தப் பக்கம் எத்தனை நட்சத்திரம் என்று எண்ணி ஒப்பிடலாம். படம் பிடிப்பது குன்றில். எண்ணுவது மலாக்கா டவுனில், தெங்கேராவில் ஒரு கடைவீட்டு மாடியில், பட்டப்பகலில். தோட்டத்தில் ரப்பர் உலர்த்தும் புகைக்கூண்டுப் புகை, மின்சாரம் வேறு இல்லை. கண்ணாடித் தகடுகளை வைக்கோல் வைத்துக் கட்டி ரயிலில் அனுப்புவார்கள். கீழே மளிகைக் கடை, மாடி முழுக்க நெத்திலிக் கருவாட்டு வாசம். நாங்கள் பிரபஞ்சத்தை எண்ணியது அந்த வாசத்தில்தான்.

எண்ணும் முறையைக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். தகட்டின் மேல் கட்டம் போட்ட இன்னொரு கண்ணாடியை வைத்து, கீழிருந்து விளக்கைப் போடுவோம். ஒருவர் பூதக்கண்ணாடியில் கண்ணை வைத்து ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள புள்ளிகளை வாயால் எண்ணுவார். இன்னொருவர் கடைசியாகக் காதில் விழுந்த எண்ணைத் தாளில் எழுதுவார். எண்ணுபவர் கண்ணை எடுக்கக் கூடாது, எழுதுபவர் தகட்டைப் பார்க்கக் கூடாது. துரையின் கட்டளை அது. எண்களைக் கூட்டி அவரிடம் கொடுப்பது என் வேலை.

வடக்குத் தகடுகளை கான்வென்ட்டில் படித்த இரண்டு பெண்கள் பார்த்தார்கள், ஆங்கிலத்தில் எண்ணுவார்கள். தெற்குத் தகடுகள் முனியாண்டி அண்ணனுக்கும் கோபாலுக்கும். முனியாண்டி அண்ணன் தோட்டத்து அரிசிக் கொட்டகையில் ஜனங்களுக்குப் படியால் அரிசி அளந்து போட்டவர். கூலிகள் குறைந்ததும் கொட்டகை வேலை போய்விட்டது. துரை ஊசியால் குத்திய காகிதத்தை வெளிச்சத்தில் காட்டி, எத்தனை ஓட்டை என்று கேட்டு ஆள் எடுத்தபோது அவர் கண்தான் முதலாவதாக நின்றது. இந்த வேலை இருக்கும் வரைக்கும் அவர் குடும்பம் கூலிகளுக்கான லயத்து வீட்டில் இருக்கலாம், வேலை போனால் அடுத்த கப்பல் என்று தோட்டத்து மேனேஜர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவருடைய ஒரே மகளை மஸ்ஜித் தானா பக்கம் கட்டிக் கொடுத்திருந்தது, அவள் நிறைமாதமாக இருந்தாள்.

எழுதுபவன் கோபால், காஜா பெராங்கைச் சேர்ந்த மலாக்காச் செட்டி வீட்டுப் பையன். அவர்களைப் பற்றி உங்களுக்குத் தெரியும்தானே. பூர்வீகம் தமிழ், கும்பிடுவது நம் சாமி, பேசுவது மலாய். தமிழ் எண்களைக் கோவிலிலும் எங்களிடமும் கேட்டுக் கேட்டுத்தான் கற்றுக்கொண்டான். பேச்சுக்குப் பேச்சு மலாய்க்காரர் மாதிரி 'லா' சேர்த்து அவன் தப்பும் தவறுமாகத் தமிழ் பேசினால் நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். தமிழ் தெரியாத தமிழன் என்று நானே கிண்டல் பண்ணியிருக்கிறேன். அதனால் அவன் எதையும் இது என்ன என்று கேட்கிற வழக்கத்தை விட்டிருந்தான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மதியம் அண்ணனும் கோபாலும் ஒரே வாழையிலையில் சோற்றைப் பிரித்துச் சாப்பிடுவார்கள். அப்படி ஒரு ஒட்டுதல்.

சில மாத வேலைக்குப் பிறகு கூட்டிப் பார்த்தேன். பால்வீதியை ஒட்டிய, நட்சத்திரம் மொய்க்கும் தகடுகளில் இரண்டு ஜோடிகளின் எண்ணிக்கையும் அழகாக ஒத்துப்போனது. ஆனால் தோசையை விட்டு விலகி, நட்சத்திரம் அருகிப்போகும் இடத்துக்கு வந்தால், தெற்கு மளமளவென்று காலியானது. வடக்கில் அப்படி இல்லை. இதற்கு என்ன அர்த்தம்? தெற்கே நட்சத்திரங்களைத் தோசையை விட்டு விலகிப் போக விடாமல் பெரும் பாரம் ஒன்று இழுத்துப் பிடித்திருக்கிறது. நான் தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். துரை நாற்காலியிலிருந்து எழுந்து ஜன்னல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். அன்றைக்கு எங்கள் எல்லோருக்கும் கீழே கடையிலிருந்து கோப்பியும் ரொட்டியும் வந்தது. பணம் கொடுத்து அவரை அனுப்பியவர்களுக்கு அந்த வாரமே கடிதமும் போய்விட்டது. எனக்கும் தலை கால் புரியவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்றைத் தெங்கேரா மாடியில் பிடித்துவிட்டோம் என்று நினைத்தால் யாருக்குத்தான் குதிக்கத் தோன்றாது?

துரையின் நல்ல குணம், கடிதம் போன பிறகும் அவர் சும்மா இருக்கவில்லை. தெற்குத் தகடு ஒன்றை எடுத்து ஒரு நாள் பூராவும் தானே உட்கார்ந்து எண்ணினார். மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. எங்கள் எண்ணிக்கையைவிட அவர் எண்ணிக்கை அதிகம், அதுவும் கொஞ்சநஞ்சம் இல்லை. நட்சத்திரங்கள் தகட்டிலேயே இருக்கின்றன, எங்கள் தாளில்தான் இல்லை.

பிறகு பரீட்சை. முனியாண்டி அண்ணனை எண்ணச் சொல்லி என்னை எழுத வைத்தார். அருகிப்போன தகடு. அண்ணன் எண்ணினார், நான் எழுதினேன், துரையின் எண்ணிக்கையோடு அப்படியே பொருந்தியது. அடுத்து கான்வென்ட் பெண் ஒருத்தியை எண்ணச் சொல்லிக் கோபாலை எழுத வைத்தார். அவள் ஆங்கிலத்தில் எண்ண, அவன் எழுத, அதுவும் பொருந்தியது. அவரவர் தனித்தனியாக இருந்தால் சுத்தம், இரண்டு பேரும் சேர்ந்தால் நட்சத்திரம் காணாமல் போகிறது.

துரைக்கு இதற்கு ஒரே பதில்தான் தெரிந்தது. தான் பார்க்கும்போது ஒழுங்காகச் செய்கிறார்கள், பார்க்காதபோது எண்ணாமலே எழுதிவிட்டுப் பொழுதைக் கழிக்கிறார்கள். இருவரில் ஒருவன் கள்ளன், மற்றவனுக்கு அது தெரியாமலும் இருக்கலாம். யார் என்று உனக்குத்தான் தெரியும், மதியம் நான் ரயிலேறுவதற்குள் ஒரு பெயரைக் கொடு, மற்றவன் வேலையில் இருக்கட்டும் என்றார். குரலை உயர்த்தவே இல்லை. பெயர் கொடுக்காவிட்டால் இரண்டு பேரும் போக வேண்டியதுதான் என்று கடைசியில் சேர்த்துக்கொண்டார்.

நான் படியில் வந்து உட்கார்ந்தேன். எனக்கு இருபத்து சொச்சம் வயது. முனியாண்டி அண்ணன் வந்து எதிரில் நின்றார். சங்கதி அவருக்கு எட்டியிருந்தது.

"டீச்சரம்மா, எத்தன வருசம் அரிசி அளந்திருக்கேன். ஒரு படி கூடச் சொன்னான், கொறச்சுச் சொன்னான்னு ஒரு சனம் சொல்லட்டும், நானே பொட்டியக் கட்டிக்கிட்டுக் கப்பல்ல ஏறிடுறேன்."

அண்ணே, நான் எதுவும் சொல்லவில்லையே என்றேன். அவர் உட்காரவில்லை.

"புள்ளைக்கு இதான் மொதப் பிரசவம். அவ ஆத்தா பக்கத்துல இருக்கணும்ல. ஒரு மாசம் கழிச்சுக் கப்பல்ல ஏத்துனாக்கூட ஏறிடுவேன். அதான் வேற ஒண்ணுமில்ல" என்றார். சொல்லிவிட்டு மாடிக்குப் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

அவர் போனதும் கோபால் வந்தான். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான்.

"அக்கா, என் பேர எழுதுங்க லா. என் வீடு காஜா பெராங்ல. என்னை எந்தக் கப்பல்லயும் ஏத்த முடியாது."

"நீ தப்புப் பண்ணினியா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்குடா?"

"அண்ணனுக்கு மக இருக்கு லா."

பிள்ளைகளே, நீங்கள் படித்து வாங்கும் பட்டத்தில் இந்த இடத்துக்குப் பாடம் கிடையாது. அந்தப் பெயரை எழுதுவது எவ்வளவு சுலபம் தெரியுமா? அவனே கேட்கிறான். அவனுக்குச் சோறு போட வீடு இருக்கிறது. எழுதினால் ஒரு குடும்பம் பிழைக்கும், பாட்டி பக்கத்தில் இருக்க ஒரு பிள்ளை பிறக்கும். புண்ணியம் என்றுகூடச் சொல்லலாம். தாளும் பென்சிலும் என் மடியில்தான் இருந்தன. என்னைத் தடுத்தது என் நேர்மை என்று பீற்றிக்கொள்ள மாட்டேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது. தப்பே செய்யாத ஒருவன் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டால், அந்த நட்சத்திரங்கள் எங்கே போயின என்பது கடைசி வரைக்கும் யாருக்கும் தெரியாது. அதை என்னால் தாங்க முடியவில்லை.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. துரை இரண்டு பேரையும் பிரித்து வைத்துத்தான் பரீட்சை பண்ணினார். பிரித்தால் தப்பு இல்லை. அப்படியென்றால் தப்பு இவனிடமும் இல்லை, அவரிடமும் இல்லை, இரண்டு பேருக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது. நடுவில் இருப்பதைப் பார்க்க வேண்டும் என்றால் அவர்களைச் சேர்த்து வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

துரையிடம் போய்க் கேட்டேன். அதே தகடு, அதே நாற்காலி, அதே இரண்டு பேர், ஒரே ஒரு வரிசைக் கட்டங்கள். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். நீ பக்கத்தில் நின்றால் அவர்கள் ஒழுங்காகத்தான் செய்வார்கள், அதனால் என்ன பிரயோசனம் என்றார். எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று தெரியவில்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதும் நட்சத்திரம் குறைந்தால் அவர்கள் கள்ளர்கள் இல்லை என்று ஒப்புக்கொள்வீர்களா என்று கேட்டேன். துரை பெட்டியைக் கட்டிக்கொண்டே, சரி, ஒரு வரிசை என்றார்.

முதலில் நான் தனியாக அந்த வரிசையை எண்ணி ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். பிறகு அவர்களை உட்கார வைத்து, கோபாலின் தோளுக்குப் பின்னால் நின்றேன். கான்வென்ட் பெண்கள் தங்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். கீழே கடையில் யாரோ தகர டப்பாவை உருட்டிக்கொண்டிருந்தார்கள், அந்தச் சத்தம்கூட எரிச்சலாக இருந்தது. ஆரம்பியுங்கள் அண்ணே என்றேன்.

முனியாண்டி அண்ணன் கண்ணை வைத்தார். "லாபம், ரெண்டு, மூணு. அடுத்தது." கோபால் மூன்று என்று எழுதினான். என் சீட்டிலும் மூன்று. "லாபம், ரெண்டு. அடுத்தது." இரண்டு. சரிதான். "அடுத்தது." காலிக் கட்டம், கோபால் சுழி போட்டான். என் சீட்டிலும் சுழி. எல்லாம் சரியாகவே போனது. துரை சொன்னதுதான் உண்மையோ, நான் நிற்பதால்தான் ஒழுங்காகச் செய்கிறார்களோ என்று தோன்ற ஆரம்பித்தது.

"லாபம். அடுத்தது."

கோபால் சுழி போட்டான்.

என் சீட்டில் அந்தக் கட்டத்தில் ஒன்று என்று இருந்தது. நான் நிறுத்தவில்லை. இந்த மாதிரி நேரத்தில் வாயைத் திறந்தால் போச்சு, ஒன்றைப் பார்த்துவிட்டு ஓடாதீர்கள், வரிசை முடியட்டும். இன்னும் கொஞ்சம் தள்ளி மறுபடி, "லாபம். அடுத்தது." மறுபடி சுழி. வரிசை முடிவதற்குள் ஒற்றை நட்சத்திரம் இருந்த கட்டம் அத்தனையிலும் சுழி விழுந்துவிட்டது.

உங்களில் பாதிப் பேருக்கு இந்த வழக்கம் தெரியாமல் இருக்கலாம். நம் ஆட்கள் நெல்லையோ அரிசியையோ அளக்கும்போது முதல் படியை ஒன்று என்று சொல்ல மாட்டார்கள். லாபம் என்பார்கள். லாபம், ரெண்டு, மூணு என்று போகும். முதல் வாய்ச்சொல் பெருக்கத்தைச் சொல்ல வேண்டும், அப்போதுதான் பானை நிறையும் என்று நம்பிக்கை. வாழ்நாள் முழுக்க அரிசி அளந்தவருக்கு அது வழக்கம் என்றுகூடத் தெரியாது, அதுதான் எண்ணிக்கை. பரீட்சையில் நான் எழுதியபோது லாபம் என்று காதில் விழுந்த இடத்தில் எல்லாம் என் கை தானாக ஒன்று என்று எழுதியிருக்கிறது. அந்தச் சொல்லை நான் கேட்டதாகவே எனக்கு நினைவில்லை.

"கோபால், அண்ணன் லாபம்னா நீ என்ன எழுதுவே?" என்று கேட்டேன்.

அவன் முழித்தான். "எழுத மாட்டேன் அக்கா. அது சாமி வார்த்தை லா, தொடங்கும்போது சொல்றது. அப்புறம் நம்பர் வந்தா நம்பர் எழுதுவேன். வரலன்னா கோசோங்."

கோசோங் என்றால் மலாயில் காலி, சுழி. முனியாண்டி அண்ணன் பூதக்கண்ணாடியிலிருந்து கண்ணை எடுத்தார். துரையின் கட்டளையை அவர் மீறியது அன்றைக்கு ஒரு தரம்தான்.

"கோசோங்கா? அடப்பாவி, லாபம்னா மொதப் படிடா தம்பி. எந்த மடையன்டா மொதப் படிய ஒண்ணுன்னு சொல்லுவான்?"

கோபாலின் முகம் செத்துப்போனது. இத்தனை மாதம் ஏன்டா கேட்கவில்லை என்று வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டேன். ஏன் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியாதா? கேட்டால் நாங்கள் சிரித்திருப்போம்.

இப்போது யோசித்துப் பாருங்கள். நட்சத்திரம் மொய்க்கும் தகட்டில் ஒற்றைக் கட்டமே கிடையாது, அதனால் தப்பும் கிடையாது. அருகிப்போகும் இடத்தில்தான் ஒற்றைகள், அங்கேதான் அவை ஒவ்வொன்றாக விழுங்கப்பட்டன. எங்கே தேடினோமோ அந்த இடத்தில் மட்டும் நட்சத்திரம் குறைந்தது. அதனால்தான் அவ்வளவு நிஜம் போல இருந்தது. தப்பு என்பது கிறுக்கல் மாதிரி இருக்கும் என்று நினைக்காதீர்கள். சில தப்புகள் கண்டுபிடிப்பு வேஷம் போட்டுக்கொண்டு வந்து நிற்கும்.

துரையிடம் என் சீட்டையும் கோபாலின் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். விளக்கிச் சொன்னேன். அவர் வாயைத் திறந்து முதலில் கேட்டது, அப்படியானால் தப்பு எழுதினவனுடையதா என்று. எனக்கு மறுபடியும் கோபம் வந்தது. எண்ணினவர் சரியாக எண்ணினார், எழுதினவன் கேட்டபடி எழுதினான், ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரிகிறதா என்று அவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்த யாரும் கேட்கவில்லை, அதில் நீங்களும் உண்டு நானும் உண்டு என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று உறைத்தது. வேலை போனது என்றே நினைத்தேன்.

அவர் அன்றைக்கு ரயிலேறவில்லை. பெட்டியை அவிழ்த்தார். தெற்குத் தகடுகள் அத்தனையையும் திரும்ப எண்ண வேண்டும் என்றார், அதே இரண்டு பேர்தான் எண்ண வேண்டும் என்றும் சொன்னார். மேனேஜருக்கு ஒரு சீட்டு எழுதி, முனியாண்டி இந்த வேலை முடியும் வரைக்கும் எனக்கு வேண்டும், அவர் குடும்பத்தைத் தொடாதீர்கள் என்று அனுப்பினார். மாடிக்கு வந்து இரண்டு பேருக்கும் கை கொடுத்தார். அண்ணனுக்கு அந்தக் கையை என்ன செய்வது என்று தெரியவில்லை, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

அந்த மறு எண்ணிக்கை நாட்கள் எனக்கு அவ்வளவு சுகமாக இல்லை. கடிதம் போய்விட்டது, அதைத் திரும்பப் பெற வேண்டும், பணம் அனுப்புகிறவர்கள் கையை விரித்தால் எல்லோரும் தெருவில். வரிசை வரிசையாகத் தெற்கு நிரம்ப நிரம்ப எங்கள் பெரிய கண்டுபிடிப்பு சிறுத்துக்கொண்டே வந்தது. நாங்களே எங்கள் கையால் அதை அழித்துக்கொண்டிருந்தோம். கடைசித் தகடு முடிந்ததும் கூட்டினேன். வடக்கும் தெற்கும் ஒன்றுக்கொன்று பொருந்திவிட்டன. தெற்கில் எந்தப் பெரும் பாரமும் இல்லை.

துரை அந்தத் தாளை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். கண்ணில் படும் நட்சத்திரங்களின் கனத்தை ஒரு பக்கம், அவற்றை இழுத்துப் பிடித்திருக்க வேண்டிய கனத்தை மறு பக்கம் எழுதிப் பார்த்தார். பிறகு தாளை என் பக்கம் திருப்பினார். எங்கள் தப்பையெல்லாம் கழித்த பிறகும், வடக்கிலும் தெற்கிலும் சமமாக, கணக்கு இடித்தது. முன்னால் இருந்ததைவிட ரொம்பச் சின்னதாக, ஆனால் போகாமல். பாக்கி இருந்தது.

முதல் தடவை மாதிரி யாரும் குதிக்கவில்லை. கோப்பியும் வரவில்லை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது மட்டும் உண்மை. முதலில் பார்த்த பெரிய இருட்டு எங்கள் மாடியில் பிறந்தது. இந்தச் சின்ன இருட்டு எங்களுடையது இல்லை, அது வானத்துடையது. அது என்ன என்று அன்றைக்கும் தெரியாது. உங்களுக்கும் இன்னும் தெரியவில்லை என்று கேள்விப்படுகிறேன். நேற்று மேஜையைத் தட்டிய தம்பியிடம் நான் கேட்பது ஒன்றுதான். உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனிடம் எதையாவது கேட்க வெட்கப்பட்டு விட்டுவிட்டாயா? அவன் உன்னிடம் கேட்க வெட்கப்படுகிறானா? அதைத் தீர்த்துவிட்டு வந்து மேஜையைத் தட்டு, நானும் சேர்ந்து தட்டுகிறேன்.

மறு எண்ணிக்கையின்போது கோபால் அண்ணனைக் கெஞ்சிப் பார்த்தான், ஒண்ணு என்றே ஆரம்பியுங்கள் என்று. அண்ணனும் முயற்சி பண்ணினார். நாலு கட்டத்துக்கு மேல் நாக்கு ஒத்துழைக்கவில்லை. கடைசியில் அவர் லாபம் என்பார், கோபால் தாளில் ஒன்றைப் போட்டுவிட்டு, "ஒண்ணு லா" என்று சத்தமாகச் சொல்வான். அண்ணன் அடுத்த கட்டத்துக்குப் போவார்.

ஒரு திங்கட்கிழமை காலையில் முனியாண்டி அண்ணன் மஸ்ஜித் தானாவிலிருந்து நேரே வேலைக்கு வந்தார். சட்டையெல்லாம் கசங்கியிருந்தது, கண் சிவந்திருந்தது, கையில் ஒரு பொட்டலம் கற்கண்டு. எல்லோருக்கும் கொடுத்தார், துரைக்கும் கொடுத்தார். பிள்ளையும் தாயும் சுகம், ஆத்தாக்காரி பக்கத்தில் இருக்கிறாள் என்றார். கோபால் கற்கண்டை வாயில் போட்டுக்கொண்டு கிண்டலாகக் கேட்டான், அண்ணே, இப்ப உங்களுக்குப் பேரப்பிள்ளை எத்தனை என்று.

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார். விளக்கைப் போட்டார்.

"லாபம்" என்றார்.

கோபால் பென்சிலை எடுத்து அன்றைய தாளின் ஓரத்தில் ஒன்று என்று எழுதினான்.